சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு: விமானப் பிரயாணமும் வணக்கத்தின் நேரங்களும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் உம்ராவை முடித்து ஊர் திரும்பினார். அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, என்னை அருகே அழைத்து ஓர் ஐயம் கேட்டார்.

"தம்பி, டிக்கெட்டில் காலை பத்து மணிக்குச் சென்னையில் புறப்பாடு, ஒன்றேகாலுக்கு ஜித்தா என்று போட்டிருந்தது. மூன்றேகால் மணி நேரம்தானே என்று நினைத்தேன். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்த இடத்திலேயே ளுஹரையும் அஸரையும் கஸ்ராக, ஜம்உ செய்து தொழுதுவிட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு உம்ராவின் நிய்யத்தும் வைத்துவிட்டேன். ஒன்றேகால் ஆயிற்று, விமானம் அப்போதுதான் பாதி வழியைத் தாண்டியிருந்தது! அது போகட்டும். மூன்று மணியானாலும் ஆறு மணியானாலும் அது சில மணி நேரப் பிரயாணம்தானே? அதற்குப் போய்க் கஸ்ரு செய்தேனே, அது கூடுமா?"

அவர் அஞ்சியது கஸ்ரைப் பற்றி. ஆனால் குறை கஸ்ரில் இல்லை. அவர் எண்ணிப் பார்க்காத வேறோர் இடத்தில் இருந்தது. இன்று நம் மக்களில் பலர் இதே வழியில் போய் வருகின்றனர். ஆதலால் அவருக்குச் சொன்ன விளக்கத்தை வாசகர்களுக்கும் சொல்லிவைப்பது பயன் தரும் என எண்ணி இதை எழுதுகிறேன்.

தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். விமானம் செல்லும் பாதை இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், இடையில் எங்கும் இறங்காமல் சென்றால், சுமார் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. காற்றின் திசையைப் பொறுத்து இது கூடும், குறையும்.

அப்படியானால் டிக்கெட்டில் மூன்றேகால் மணி நேரம் போலத் தோன்றுவது ஏன்? புறப்படும் நேரம் நம் நாட்டுக் கடிகாரப்படி குறிக்கப்படுகிறது. சேரும் நேரம் ஸஊதி நாட்டுக் கடிகாரப்படி குறிக்கப்படுகிறது. ஸஊதியின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே பகல் 1.15 என்றால் இங்கே பிற்பகல் 3.45. காலை 10-லிருந்து பிற்பகல் 3.45 வரை ஐந்தே முக்கால் மணி நேரம். இதுவே உண்மையான பிரயாண நேரம்.

திரும்பும்போது கணக்குத் தலைகீழாகும். ஜித்தாவில் இரவு 10 மணிக்குப் புறப்பட்டுச் சென்னையில் காலை 5.45-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ஏழே முக்கால் மணி நேரம். உண்மையில் ஐந்தேகால் மணி நேரம்தான். எனவே போகும்போது டிக்கெட்டில் கழித்து வரும் நேரத்தோடு இரண்டரையைக் கூட்டுங்கள். வரும்போது இரண்டரையைக் குறையுங்கள். இந்தச் சிறு கணக்கை அறியாததால் எத்தனை தொழுகைகள் வீணாகின்றன என்பதை இனிப் பார்ப்போம்.

கஸ்ருக்குத் தூரமே அளவு

முதலில் பெரியவரின் ஐயத்துக்கு விடை. கஸ்ருக்கு அளவு தூரமேயன்றி, அதைக் கடக்க நாம் எடுத்துக்கொள்ளும் நேரமன்று. இப்னு உமர் (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகிய இரு ஸஹாபிகளும் நான்கு புருது, அதாவது 16 ஃபர்ஸக் தூரத்துக்குக் கஸ்ரு செய்ததாக ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் இரண்டு மர்ஹலாக் கணக்கும் இதுவே. 48 மைல் என நூல்களில் கூறப்படும் இத்தூரத்தை, இக்கால அறிஞர்கள் பலர் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் எனக் கணக்கிடுகின்றனர். ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பிரயாணம் என்பது அடிப்படை. நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் அதை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என நிர்ணயித்துள்ளனர். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஜித்தா அதைப்போல் ஐம்பது மடங்குக்கும் அதிகத் தொலைவில் உள்ளது.

விரைவாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் சலுகை போய்விடுமா? ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் இதற்கு விடை தந்துள்ளார்கள். கடலும் தரையைப் போன்றதே. அத்தனை மைல்களையும் ஒருவர் கடலில் ஒரே நாழிகையில் கடந்துவிட்டாலும் அவர் கஸ்ரு செய்யலாம் என்பது அவர்கள் கூறியதன் கருத்து. பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இன்றைய விமானத்துக்கும் அப்படியே பொருந்துகிறது!

"அச்சமில்லை, களைப்பில்லை, மெத்தை இருக்கையில் அமர்ந்து போகிறோம்; நமக்கு எதற்குச் சலுகை?" என்றும் சிலர் கேட்கின்றனர். இதுபோன்ற ஐயம் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கே எழுந்ததுண்டு. அச்சம் நீங்கிய பின்னும் கஸ்ரு ஏன் என்று அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவ, அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு ஆகுமானது. ஹனஃபி மத்ஹபில் அது வாஜிப்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரின் எல்லையைத் தாண்டிய பிறகே ஒருவர் முஸாபிர் ஆகிறார். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வந்தவர் சென்னை விமான நிலையத்தை அடையும்போதே முஸாபிர்தான். ஆனால் சென்னையிலேயே குடியிருப்பவர், நகரத்தின் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் விமான நிலையத்தில் நின்று கொண்டு கஸ்ரு செய்துவிடக் கூடாது. அங்கே அவர் முழுமையாகவே தொழ வேண்டும்.

சூரியனைப் பார், கடிகாரத்தைப் பார்க்காதே

கஸ்ரு கூடும். அப்படியானால் பெரியவரின் தொழுகையில் குறை எங்கே? நேரத்தில்.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதைத் திருக்குர்ஆனின் 4-வது அத்தியாயம் 103-வது வசனம் உணர்த்துகிறது. அந்த நேரத்தைக் குறிப்பது சூரியன். ளுஹர் நேரம் தொடங்குவது நம் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டரை அடிப்பதால் அல்ல. நாம் இருக்கும் இடத்தில் சூரியன் உச்சி சாய்வதால்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே தீர்க்க ரேகையில் 41 பாகை வித்தியாசம். ஐந்தே முக்கால் மணி நேரத்தில் இதைக் கடக்கும் விமானம், மணிக்கு ஏறத்தாழ 7 பாகை மேற்கு நோக்கி ஓடுகிறது. சூரியனும் மேற்கு நோக்கித்தானே செல்கிறது? ஆகவே நம் தலைக்கு மேல் அது 15 பாகைக்குப் பதிலாக மணிக்கு 8 பாகை அளவே நகர்வதாக ஆகிறது. பகல் ஏறக்குறைய பாதி வேகத்தில் நடக்கிறது என்று சொல்லலாம்.

இதைப் பெரியவரின் பிரயாணத்தில் வைத்துப் பாருங்கள். சென்னையில் உச்சிப் பொழுது ஏறத்தாழ 12.10. காலை 10 மணிக்கு விமானம் புறப்பட்டபோது உச்சிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. ஊரிலேயே இருந்திருந்தால் அந்த இரண்டு மணியில் ளுஹர் வந்திருக்கும். விமானத்திலோ அது நான்கு மணி நேரமாக நீண்டுவிடுகிறது. நம் நாட்டுக் கடிகாரப்படி பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகுதான் அவருக்கு ளுஹர் நேரமே வந்திருக்கும். அவர் தொழுததோ பன்னிரண்டரைக்கு! அப்போது விமானம் அரபிக் கடலின் மேல் இருந்தது. அங்கே சூரியன் இன்னும் கிழக்கு வானில்தான் இருந்தது. நேரம் வருமுன் தொழுத ஃபர்ளு நிறைவேறாது. ளுஹர் கூடவில்லை, அதோடு சேர்த்துத் தொழுத அஸரும் கூடவில்லை.

வருந்தத்தக்கது என்னவெனில், ஜித்தாவில் இறங்கியபோது அங்கே ளுஹர் நேரம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. தரையில் நின்று, கிப்லாவை முன்னோக்கி, நிதானமாகத் தொழ முழு அவகாசம் இருந்தது. "தொழுதாயிற்று" என்ற நினைப்பில் அவர் அதை விட்டுவிட்டார்.

ஆகவே விமானத்தில் ஜன்னல் வழியே சூரியனைப் பாருங்கள். இயலாவிட்டால் விமானப் பணியாளரிடம் கேளுங்கள்; இருக்கைக்கு எதிரே வரைபடம் காட்டும் திரை இருந்தால் அதைப் பாருங்கள். ஐயமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரைப் பிற்படுத்தி அஸருடன் சேர்த்துத் தொழும் நிய்யத்தை ளுஹர் நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மஃரிபையும் இஷாவையும் அவ்வாறே செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறிடத்தில் இப்படிச் சேர்த்துத் தொழுவது இல்லை. அவர்கள் ஒவ்வொரு தொழுகையையும் அதன் நேரத்திலேயே தொழ வேண்டும்.

திரும்பும்போது சுருங்கும் ஸுப்ஹு

திரும்பும் பிரயாணத்தில் ஆபத்து வேறு விதமானது. கிழக்கு நோக்கி வரும் விமானம் சூரியனை எதிர்கொண்டு ஓடுகிறது. இரவு சுருங்குகிறது. ஸுப்ஹு நேரமும் சுருங்குகிறது. சென்னையில் ஒன்றேகால் மணி நேரம் நீடிக்கும் ஸுப்ஹு, கிழக்கே பறக்கும் விமானத்தில் ஐம்பது நிமிட அளவாகக் குறைந்துவிடும். அதுவும் பிரயாணிகள் அயர்ந்து உறங்கும் வேளை.

"இறங்கித் தொழுதுகொள்வோம்" என்று எண்ணுவது இங்கே பெரும் தவறாக முடியலாம். மேலே சொன்ன 5.45 மணி விமானத்தையே எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் சென்னையில் சூரியன் 6.30-க்கு மேல் உதிக்கிறது. ஒருவேளை இறங்கித் தொழ நேரம் கிடைக்கலாம். ஜூனில் 5.45-ஐ ஒட்டியே உதித்துவிடுகிறது. விமானம் தரையைத் தொடும்போதே ஸுப்ஹு போய்விட்டது! ஸுப்ஹை வேறெந்தத் தொழுகையோடும் சேர்க்கவும் வழியில்லை. எனவே மஃரிபையும் இஷாவையும் ஜித்தா விமான நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஸுப்ஹை விமானத்திலேயே தொழத் தயாராக ஏறுங்கள். உடன் வருவோரில் ஒருவரையாவது விழித்திருக்கச் சொல்லி வையுங்கள்.

விமானத்தில் தொழும் முறை

விமான நிலையத்திலேயே ஒளு செய்துகொண்டு ஏறுவது நல்லது. இருக்கையில் பிட்டம் பதிய அமர்ந்து உறங்குவதால் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறியாது.

நிற்க இயன்றவர் ஃபர்ளை நின்றே தொழ வேண்டும். பணியாளரிடம் பணிவாகக் கேட்டால் நிற்க ஓரிடம் கிடைப்பதுண்டு. கிப்லாவைப் பொறுத்தவரை இந்தப் பாதையில் ஒரு வசதி உண்டு. சென்னையிலிருந்து மக்கா, மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்த திசையில் இருக்கிறது. ஜித்தா செல்லும் விமானமும் பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே முகம் வைத்துப் பறக்கிறது. எனவே போகும்போது கிப்லா பெரும்பாலும் நமக்கு முன்னே. திரும்பும்போது நமக்குப் பின்னே. வரும்போது ஸுப்ஹு தொழுபவர் விமானத்தின் வால் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

நிற்கவோ திரும்பவோ ருகூஉ, ஸுஜூது செய்யவோ எவ்வழியும் இல்லையென்றால், நேரத்தின் கண்ணியத்துக்காக இருக்கையிலேயே இயன்றவாறு தொழுதுவிட்டு, தரையில் இறங்கிய பின் மீண்டும் தொழுதுகொள்ள வேண்டும். இயலவில்லை என்று சொல்லித் தொழாமலே நேரத்தைப் போக்கிவிடக் கூடாது.

மீக்காத்: நிமிடத்துக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்

பெரியவர் உம்ராவின் நிய்யத்தை மிக முன்னதாகவே வைத்துவிட்டார். மீக்காத்துக்கு முன்பே இஹ்ராம் கட்டுவது கூடும் என்பதால் அவருடைய இஹ்ராமுக்குப் பழுதில்லை. இதே கணக்குத் தவறு எதிர்ப்பக்கம் நிகழ்ந்திருந்தால் என்னவாகும்?

நம் முன்னோர் கப்பலில் சென்றனர். பம்பாயிலிருந்து ஜித்தா சென்ற ஹஜ் கப்பல்கள் 1995-ல் நின்றன. அந்நாளில் செங்கடலில் யலம்லமுக்கு நேரே வரும்போது இஹ்ராம் கட்டுவார்கள். அறிவிப்பைக் கேட்டபின் குளித்து உடுத்தவும் அவகாசம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் யலம்லம் என்றே சொல்லி வருகின்றனர். விமானமோ கிழக்கிலிருந்து அரபு நாட்டின் நிலப்பரப்பைக் கடந்து, தாயிஃப் பக்கமாக வருகிறது. ஆகவே இப்போது கவனிக்க வேண்டியது கர்னுல் மனாஸில் மீக்காத்தையும் அதற்கு நேரான இடத்தையும்.

நேரான இடம் என்பதற்கு ஆதாரம் உண்டு. இராக்வாசிகள், கர்ன் எங்கள் வழியில் இல்லை என்று முறையிட்டபோது, உங்கள் வழியில் அதற்கு நேராக அமையும் இடத்தைப் பாருங்கள் என்று கூறி, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தாத்து இர்க்கை நிர்ணயித்ததாகப் புகாரியில் வந்துள்ளது. தரை, கடல், ஆகாயம் எவ்வழியாக மீக்காத்தையோ அதற்கு நேரான இடத்தையோ கடந்தாலும் இஹ்ராம் கடமை என்று, 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்தது. எனவே, ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்பது சரியன்று.

ஜித்தாவில் இறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பாக விமானம் இவ்விடத்தைக் கடக்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 13 கிலோமீட்டர்! அறிவிப்பு வந்த பிறகு எழுந்து, கழிப்பறை வாசலில் வரிசையில் நின்று, உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் மீக்காத் எங்கோ பின்னால் போயிருக்கும். இஹ்ராமின்றிக் கடந்தவர் மீக்காத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். திரும்பாமல் கடந்த இடத்திலேயே கட்டினால் 'தம்' கொடுப்பது கடமையாகும்.

ஆகவே வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து, இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டே ஏறுங்கள். துணியை உடுத்துவது மட்டும் இஹ்ராம் அல்ல, நிய்யத்தே இஹ்ராம். அதைச் சற்று முன்னதாக, இறங்குவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே வைத்துக்கொள்வது பேணுதலானது. உறங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர் இன்னும் முன்னதாகவே வைத்துக்கொள்ளட்டும். அதுமுதல் நறுமணம் முதலிய தடைகள் தொடங்கிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். அது விமானத்தின் அடித்தட்டுக்குப் போய்விடும். பெண்களுக்குத் தனி உடை இல்லை. மாதவிடாய் நேரத்திலும் அவர்கள் நிய்யத் வைத்தே மீக்காத்தைக் கடக்க வேண்டும். நேரே மதீனா முனவ்வராவுக்குச் செல்பவர்கள், அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம்.

நோன்பாளிகளுக்கு ஒரு சொல்

ரமளானில் செல்வோர் கவனிக்க. சென்னையில் ஸஹர் செய்து பகலில் ஜித்தா செல்பவருக்கு அந்த நோன்பு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் நீளும். பஜ்ரு உதயமான பின் ஊரிலிருந்து புறப்படுபவர், பிரயாணத்தைக் காரணம் காட்டி அன்றைய நோன்பை விடக் கூடாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் தீர்ப்பு. ஆகாயத்தில் இருக்கும்போது நோன்பு திறப்பதும் சூரியனைக் கொண்டே. பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், கீழே தரையில் சூரியன் மறைந்த பின்னும் பத்து நிமிடத்துக்கு மேல் அது நம் கண்ணுக்குத் தெரியும். கீழே உள்ள ஊரில் பாங்கு சொல்லியாயிற்று என்று நோன்பைத் திறந்துவிடாதீர்கள்.

இவ்வளவையும் கேட்ட பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் என் ளுஹரும் அஸரும் என் பொறுப்பில்தான் இன்னும் இருக்கின்றன, இல்லையா தம்பி?" என்றார். "ஆம், ஹாஜியார். பிரயாணத்தில் விடுபட்டதை ஊரில் களா செய்யும்போது ஷாஃபிஈ மத்ஹபில் முழுமையாக, நான்கு நான்காகத் தொழ வேண்டும்" என்றேன். "அல்ஹம்து லில்லாஹ், உயிரோடு இருக்கும்போதே தெரிந்ததே" என்று சொல்லிக்கொண்டு எழுந்து, ஒளு செய்யப் போனார்.

நாமும் டிக்கெட் கையில் கிடைத்த அன்றே ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்வோம். எத்தனை மணி நேரப் பிரயாணம், எந்தெந்தத் தொழுகை ஆகாயத்தில் வரும், எதைத் தரையில் தொழலாம், எப்போது நிய்யத் என்று வீட்டிலேயே எழுதி, உள்ளூர் ஆலிமிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வோம். பெட்டியில் என்னென்ன வைப்பது என்று பத்து நாள் யோசிக்கும் நமக்கு, இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குவது பெரிதா?

வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவரின் பிரயாணத்தையும் இலேசாக்கி, அதில் நாம் செய்யும் வணக்கங்களைக் குறையின்றி ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.